யார் யாருக்குக் கடன்பட்டவர்?

ஒரு செல்வர் ஏழை வீட்டுப் பிள்ளையைப் படிக்க வைக்கிறார். பிள்ளை படித்துத் தேறி, உத்தியோகம் பெற்று, குடும்பத்தின் வறுமையைத் தீர்க்கிறான். ஊரார் அந்தப் பெரியவரை வாயார வாழ்த்துகிறார்கள். அவர் இல்லையேல் இவன் இல்லை என்கிறார்கள். பிள்ளையும் அவரை எங்கே கண்டாலும் எழுந்து நின்று ஸலாம் உரைக்கிறான். இதில் குறை காண ஒன்றுமில்லை. எனினும், நன்றாக நடந்து முடிந்த காரியத்திற்குள்ளும் ஒரு கேள்வி ஒளிந்திருக்கக்கூடும். கடன் என்ற சொல்லுக்கு நம் தமிழில் இரண்டு பொருள் உண்டு. வாங்கியதைத் திருப்பித் தரவேண்டிய பளு ஒன்று; செய்தே தீரவேண்டிய கடமை மற்றொன்று. முதற்பொருளில் கடன்பட்டவன் அந்தப் பிள்ளை. இரண்டாம் பொருளில் கடன்பட்டவர் அந்தச் செல்வர். இவ்விரு கடன்களுள் எது முந்தியது? இதற்கு நாம் சொல்லும் விடையைப் பொறுத்தே, உதவித் தொகையை எப்படிக் கொடுக்கிறோம், யாருக்குக் கொடுக்கிறோம், கொடுத்தபின் அவனிடம் எதை எதிர்பார்க்கிறோம் என்பவையெல்லாம் மாறுகின்றன.

இந்தக் கேள்வியைப் பாலாற்றங்கரையில் வைத்துப் பார்ப்பதே பொருத்தம். தமிழகத்தில் முஸ்லிம் செல்வர்கள் கல்விக்காக இத்தனை நெருக்கமாக நிறுவனங்களை எழுப்பிய நிலப்பகுதி வேறொன்று இருப்பதாக நமக்குத் தெரியவில்லை. வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் தோன்றியது. ஆம்பூரின் தோல் வணிகர் காக்கா முஹம்மது உமர் 1924இல் நிறுவிய ஜாமிஆ தாருஸ்ஸலாம் இருக்குமிடம், அவர் பெயராலேயே உமராபாத் ஆயிற்று. ஆம்பூரில் மழ்ஹருல் உலூம் கல்லூரி 1969இல் எழுந்தது. வேலூரின் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தைப் பற்றி நம் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் இமாமத் செய்த ஆலிம்களில் எத்தனையோ பேர் அங்கே ஓதித் தேறியவர்களே. ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறிக் கப்பலேறிய காலத்தில், அந்த வருவாயின் ஒரு பங்கு கல்லூரிச் சுவர்களாக உருமாறியது.

இவர்களுள் மேல்விஷாரத்து வள்ளல் மர்ஹூம் சி. அப்துல் ஹக்கீம் சாகிபின் பெயர் தனித்து நிற்கிறது. 1863இல் பிறந்து 1938இல் மறைந்தவர். தோல் வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டியவர். சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்திற்கு எதிரே நிற்கும் சித்தீக் ஸராய் அவர் கட்டியது. ரயிலை விட்டு இறங்கிய வெளியூர்க்காரன், கையில் காசு குறைந்தவன், தலைசாய்க்க ஓரிடம் வேண்டுமென்று நினைத்துச் செய்த தருமம் அது. மேல்விஷாரத்து முஸ்லிம் கல்விச் சங்கம் 1965இல் தொடங்கிய கல்லூரிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அவர் மறைந்து 27 ஆண்டுகளுக்குப் பின்! செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று கீழக்கரை வள்ளலைப் பற்றி வழங்கும் சொல் பாலாற்றங்கரைக்கும் பொருந்திப் போயிற்று.

ஆனால் இங்கேதான் நாம் சற்று நிற்கவேண்டியிருக்கிறது. அந்தப் பெரும்பொருள் எங்கிருந்து வந்தது? வணிகரின் மதிநுட்பத்திலிருந்து வந்தது, உண்மை. பெரியமேட்டு மண்டியிலிருந்து லண்டன் வரை நீண்ட நாணயத்திலிருந்து வந்தது, அதுவும் உண்மை. இவற்றோடு, சுண்ணாம்புக் குழியில் முழங்கால் வரை இறங்கி நின்று, நாறும் தோலைப் புரட்டிப் புரட்டி எடுத்த கூலியாளின் கைகளிலிருந்தும் வந்தது. அக்கைகளில் முஸ்லிம் ஏழையின் கைகள் உண்டு. அவற்றிலும் அதிகமாக, ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்ட தாழ்த்தப்பட்ட மக்களின் கைகள் உண்டு. நாற்றம் பிடித்த தொழில் என்று ஊர் ஒதுக்கியதை அவர்கள் செய்தார்கள். அந்தத் தொழிலால் வந்த பணத்தை மட்டும் ஊர் ஒதுக்கவில்லை.

கூலியாளோடு கணக்கு முடிவதுமில்லை. 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்து, முழுமையாகப் பதனிட்ட தோலையும் தோற்பொருளையும் ஊக்குவித்தது. ஆவாரம்பட்டையின் இடத்தைக் குரோமியம் மேலும் மேலும் பிடித்துக்கொண்டது. அன்னியச் செலாவணி பெருகியது. ஆம்பூரில் காலணித் தொழிற்சாலைகள் எழுந்து ஆயிரக்கணக்கான பெண்களுக்கு மாதச் சம்பளம் கிடைத்தது. அதே காலத்தில் கிணறுகளில் நீர் நிறம் மாறிற்று, தென்னையும் நெல்லும் கருகின. வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே ஈடு செய்யவேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் அந்தத் தீர்ப்புக்கும் முக்கியப் பங்கு உண்டு. 2015 ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் சேற்றில் மூழ்கி மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள்.

இவற்றையெல்லாம் வள்ளல்களின் தலையில் சுமத்துவது நம் நோக்கமன்று. 1938இல் கண்மூடியவரிடம் 2015ஆம் ஆண்டின் கணக்கைக் கேட்க யாருக்கும் உரிமையில்லை. நாம் சொல்ல வருவது இவ்வளவே: ஒரு வட்டாரத்தின் செல்வம் அந்த வட்டாரத்தின் உடலையும் நீரையும் செலவழித்து விளைந்திருக்குமானால், அங்குள்ள ஏழைப் பிள்ளைக்குச் செலுத்தும் கல்விக் கட்டணத்தை வெறும் கருணை என்று எழுதி வைப்பது கணக்குப் பிழை. ஒரு பகுதி கருணையாக இருக்கலாம். மறுபகுதி பாக்கித் தொகை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது வலுவான மறுப்பு. அதே வட்டாரத்தில், அதே தொழிலில், அதே கூலியாட்களைக் கொண்டு பொருளீட்டிய எத்தனையோ பேர் ஒரு செங்கல்லைக்கூட எடுத்து வைக்கவில்லை. அவர்களையும் கல்லூரி கட்டியவர்களையும் ஒரே தட்டில் நிறுத்துவது நியாயமா? தன் பாக்கியைத் தீர்த்தவனுக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். ஏனெனில் தீர்க்காமல் போகவும் அவனால் முடிந்திருக்கும். இந்த மறுப்பை நாம் ஏற்கிறோம். நன்றி வேண்டும். ஆனால் நன்றி பெற்றவனின் உள்ளத்தில் தானே ஊறவேண்டிய ஒன்று. கொடுத்தவர் கை நீட்டி வசூலிக்கும் வாடகையாக அது ஆகிவிடக்கூடாது.

வசூல் எப்படி நடக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியும். ஜூன் மாதம் விழா எடுக்கிறார்கள். மேடையில் பெரியவர்கள் வரிசையாக அமர்கிறார்கள். பிள்ளைகளின் பெயரோடு தந்தையின் பெயரும், தந்தை செய்யும் கூலித் தொழிலும் ஒலிபெருக்கியில் வாசிக்கப்படுகின்றன. பதினாறு வயதுப் பிள்ளை மேடையேறி, உறையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையைப் பிடித்திருக்கும் பெரியவரோடு கேமராவைப் பார்த்து நிற்கவேண்டும். கீழே அவன் வகுப்புத் தோழர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இதைச் செய்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். மற்றவர்களுக்கும் கொடுக்கும் ஆவல் பிறக்கட்டும் என்பது அவர்கள் சொல்லும் நியாயம். வெளிப்படையாகக் கொடுப்பதற்கு மார்க்கத்தில் இடமும் உண்டு. ஆனால் இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யாவில் ஜகாத்தின் உள்ளொழுக்கங்களைப் பேசும்போது, பெறுபவனின் மானம் காக்கப்படவேண்டும் என்பதையும், சொல்லிக்காட்டுதலும் நோவினையும் தருமத்தை அழித்துவிடும் என்பதையும் எவ்வளவு விரிவாக ஆராய்கிறார் என்பதை நினைவுகூர்வது நல்லது. வெளிப்படையாகக் கொடுக்க விரும்புகிறவர் தம் பெயரை வெளிப்படுத்தட்டும். பிள்ளையின் முகத்தை ஏன் வெளிப்படுத்தவேண்டும்?

கஸ்ஸாலி அவர்களைக் குறிப்பிட்டதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அவரே உதவி பெற்றுப் படித்த ஏழைப் பிள்ளை. தூஸ் நகரத்து நூல் நூற்பவரான தந்தை, மரணத் தறுவாயில் தம் இரு மக்களையும் ஒரு ஸூஃபி நண்பரிடம் ஒப்படைத்து, கையிலிருந்த சொற்பப் பணத்தையும் கொடுத்துச் சென்றார். பணம் தீர்ந்தது. நண்பரும் ஏழை. ஒரு மத்ரஸாவில் மாணவர்களாகச் சேர்ந்துவிடுங்கள், அங்கே உணவாவது கிடைக்கும் என்று அவர் சொன்னார், பிள்ளைகள் சேர்ந்தனர். அல்லாஹ் அல்லாத ஒன்றுக்காகக் கல்வியைத் தேடிச் சென்றோம், கல்வியோ அவனுக்கன்றி வேறெதற்கும் ஆகமாட்டேன் என்று மறுத்துவிட்டது என்ற கருத்தில் பின்னாளில் அவர் பேசியதாக வரலாற்றாசிரியர் சுப்கி பதிவு செய்திருக்கிறார். ரொட்டிக்காகப் பாடசாலைக்குப் போன சிறுவன்தான் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் ஆனான்! இன்றைய பிள்ளைகள் வேலைக்காகத்தானே படிக்கிறார்கள், அறிவுக்காகவா படிக்கிறார்கள் என்று அலுத்துக்கொள்ளும் பெரியவர்கள் இந்த வரலாற்றைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். பசித்தவன் பசியினால் படிக்க வருகிறான். அவன் எதற்காக வந்தான் என்பதைவிட, வந்தவனுக்கு எப்படிப்பட்ட கல்வி கிடைத்தது என்பதல்லவா நம் பொறுப்பு?

இப்போது நெமிலிப் பக்கம் வருவோம். 2019இல் வேலூரிலிருந்து பிரிந்த இராணிப்பேட்டை மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், அரக்கோணத்தை ஒட்டிய வட்டம் அது. தோல் வட்டாரம் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், நெமிலியில் கண்ணுக்குத் தெரிவது ஏரியும் நெல்லும்தான். வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் மேல்விஷாரத்திற்கும் கிடைத்த வள்ளல்கள் இதுபோன்ற சிற்றூர்களுக்குக் கிடைக்கவில்லை. தோல் சாலை இருந்த இடத்தில்தான் கல்லூரியும் முளைத்தது. இங்கிருந்து பனப்பாக்கம், காவேரிப்பாக்கம் வழியாக நெடுஞ்சாலையைப் பிடித்து, பாலாற்றைக் கடந்து மேல்விஷாரத்திற்குப் போய்ச் சேர வேண்டிய பிள்ளைக்கு, கட்டணத்தைக் காட்டிலும் பயணம் பெரிய செலவு. அந்தப் பயணத்தைக் காட்டிலும் பெரியது, அவன் வீட்டிலே இருந்து சம்பாதித்திருக்கக்கூடிய கூலி. இந்த மூன்றாவது செலவை நம் உதவித் தொகைகள் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதேயில்லை. கட்டணத்தை நாங்கள் கட்டிவிட்டோமே, பிள்ளை ஏன் நின்றுவிட்டான் என்று வியக்கிறார்கள். நோயாளித் தந்தையும் இரண்டு தங்கைகளும் இருக்கும் வீட்டில், பதினேழு வயதுப் பையன் கல்லூரிக்குப் போவதென்பது அந்த வீட்டார் அன்றாடம் செலுத்தும் ஸதகா. அவர்கள் கொடுக்கும் அளவுக்கு எந்த வள்ளலும் கொடுப்பதில்லை என்றே நாம் கருதுகிறோம்.

2024ஆம் ஆண்டில் பனப்பாக்கம் சிப்காட் வளாகத்தில் ஒரு மோட்டார்த் தொழிற்சாலைக்கும் ஒரு பெரிய காலணித் தொழிற்சாலைக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. நல்ல செய்திதான். ஆனால் தொழிற்சாலை வாசல் வீட்டருகே வரும்போது, பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்துவதற்கான இழுப்பும் வீட்டருகே வருகிறது. அந்தத் தொழிற்சாலைக்குள் பொறியாளராக நுழைவதா, ஒப்பந்தக் கூலியாக நுழைவதா என்பது பதினேழாம் வயதில் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா இல்லையா என்பதைக் கொண்டு முடிவாகிவிடுகிறது. எழுதப் படிக்கத் தெரியாமை இன்று நம் பெருங்குறையன்று. 2001ஆம் ஆண்டின் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டு முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 விழுக்காடு, மாநிலத்தின் சராசரி அப்போது 73.5 விழுக்காடு. 2007 முதல் 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடும் இருக்கிறது. கதவு திறந்திருக்கிறது, வாசற்படி வரை வந்தவன் ஏன் திரும்பிப் போகிறான் என்பதுதான் கேள்வி.

இந்த இடத்தில் நம் ஃபிக்ஹு நூலார் நமக்குக் கைகொடுக்கிறார்கள். உழைத்துச் சம்பாதிக்க வலுவுள்ளவனுக்கு ஜகாத் ஆகாது என்பது ஷாஃபி மத்ஹபின் பொது விதி. ஆனால் மார்க்கக் கல்வியில் ஈடுபட்டிருப்பவன் சம்பாதிக்கப் போனால் அக்கல்வி தடைப்படுமானால், அவனுக்கு ஜகாத் கொடுக்கலாம் என்று இமாம் நவவி எழுதுகிறார். இழந்த கூலியை அந்தப் பெரியவர் எவ்வளவு தெளிவாகக் கண்டிருக்கிறார், பாருங்கள்! சமுதாயத்திற்குப் பயன்படும் உலகக் கல்விக்கும் இதை விரித்துரைத்த அறிஞர்கள் பிற்காலத்தில் உண்டு.

பாலாற்றங்கரை முஸ்லிம்களோ பெரும்பாலும் ஹனஃபிகள். அவர்களது சட்டநூல்களில் தம்லீக் என்றொரு நிபந்தனை இருக்கிறது. ஜகாத் பணம் ஏழையின் உடைமையாக அவன் கைக்கு மாறவேண்டும் என்பது அதன் பொருள். இதனால்தான் பள்ளிவாசலோ பள்ளிக்கூடமோ கட்ட ஜகாத்தை நேராகச் செலவிடலாகாது என்றனர். பலர் இதை வெறும் நிர்வாகத் தொல்லையாக நினைத்து, சுற்றுவழி தேடுகிறார்கள். நமக்கோ இதற்குள் ஓர் ஆழ்ந்த அறம் இருப்பதாகத் தோன்றுகிறது. கைமாறிய கணத்திலிருந்து அது அவன் பணம். கொடுத்தவருக்கு அதன்மேல் உரிமை ஏதும் மிச்சமில்லை. தனவந்தரின் செல்வத்தில் கேட்பவனுக்கும் வறியவனுக்கும் உரிமை உண்டு என்று திருமறை சொல்லும்போது, உரிமை என்ற சொல்லையே ஆள்கிறது. உரிமையைப் பெற்றுக்கொண்டவன் எப்படிக் கடனாளி ஆவான்?

ஆகவே முதலில் நாம் எழுப்பிய கேள்விக்கு, செல்வரின் கடனே முந்தியது என்பது நம் விடை. இந்த விடையோடு வேலை முடிந்துவிட்டால் நன்றாக இருக்கும், முடிவதில்லை. ஏனெனில் எல்லா ஏழைக்கும் உரிமை உண்டு என்றால், பெட்டியில் இருக்கும் பணமோ கொஞ்சம். யாருக்குக் கொடுப்பது?

முதல் மதிப்பெண் எடுத்தவனுக்கு என்பது எளிதான விடை. அவனுக்குக் கொடுத்தால் பலன் நிச்சயம். விழா மேடைக்கும் அவனே அழகு. ஆனால் நடுத்தர மதிப்பெண் வாங்கிய பிள்ளையைப் பற்றி யார் பேசுகிறார்கள்? செல்வர் வீட்டில் அப்படியொரு பிள்ளை இருந்தால், தனிப்பயிற்சி வைத்து, நன்கொடை கொடுத்து, எப்படியாவது ஒரு பட்டம் வாங்க வைத்துவிடுகிறோம். ஏழை வீட்டுப் பிள்ளை மட்டும் மேதையாக இருந்தால்தான் படிக்கலாமா? பத்ருப் போரில் சிறைப்பட்ட எழுத்தறிந்த மக்கத்தாரிடம் பத்துப் பத்து மதீனத்துப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக் கொடுப்பதையே மீட்புத் தொகையாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்ட செய்தி நாம் அறிந்ததே. அந்தப் பிள்ளைகளைச் சோதித்து, கெட்டிக்காரர்களை மட்டும் பொறுக்கியெடுத்ததாக எங்கும் நாம் படிக்கவில்லை. ஒருவனை மருத்துவனாக்கும் பணத்தில் இருபது பேரைத் தொழிற்பயிற்சிப் பட்டயம் வரை கொண்டுசெல்ல முடியுமானால், பெட்டியின் பொறுப்பாளர் இரவில் தூக்கம் வராமல் புரளத்தான் வேண்டும். நாமாக இருந்தால் இருபது பேரின் பக்கம் சாய்வோம். மருத்துவனாகக்கூடியவனுக்கு அரசு ஒதுக்கீடும் வங்கிக் கடனும் பெருஞ்செல்வர்களின் அறக்கட்டளைகளும் வாசலைத் திறக்கின்றன. இருபதில் பதினைந்தாவதாக நிற்பவனுக்கு ஜமாஅத்தைத் தவிர வேறு வாசல் இல்லை. இதை ஏற்காதவர்கள் இருப்பார்கள். ஒரு மருத்துவன் ஊருக்கே விளக்காவான் என்பார்கள். ஆகட்டும், ஆனால் அவன் ஊருக்குத் திரும்பி வந்தால்தானே?

பெண்பிள்ளைகளைப் பற்றிய விவாதத்தில் அதிகம் தங்கவேண்டிய காலம் கடந்துவிட்டது. நீதிபதி பஷீர் அஹமத் ஸயீத் சென்னையில் பெண்கள் கல்லூரி கண்டது 1955இல். அன்று அவரோடு வாதிட்டவர்களின் பேத்திகள் இன்று பட்டதாரிகள். இன்னும் நெமிலி போன்ற ஊர்களில் தடையாக இருப்பது கொள்கையைவிடப் பேருந்துதான் என்பது நம் எண்ணம். மாலையில் இருட்டுமுன் வீடு சேர்க்கும் ஒரு பேருந்து பல வாதங்களை முடித்துவைக்கும்.

இனி, சுண்ணாம்புக் குழியில் நின்ற அந்த மற்றக் கைகள். வாணியம்பாடியிலும் மேல்விஷாரத்திலும் நம்மவர் கட்டிய கல்லூரிகளில் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். இது அவற்றின் பெருமை. ஆனால் உதவித் தொகை என்று வரும்போது, ஜகாத் நம்மவர்க்குத்தானே என்று கணக்கை மூடிவிடுகிறோம். ஜகாத்தின் விதி அப்படியே இருக்கட்டும். ஸதகாவுக்கு அந்த வேலி இல்லையென்று ஹனஃபி நூல்களே சொல்கின்றனவே! தோல் தொழிலில் தந்தையின் கைவிரல்கள் வெந்த பிள்ளைக்கு, அவன் எந்தத் தெருவில் பிறந்தவனாயினும், அந்தத் தொழிலின் செல்வத்தில் பாக்கி இருக்கிறது என்று மேலே நாம் சொன்னதை இங்கே மறந்துவிட முடியாது.

கடைசியாக, படித்து மேலே வந்தவனின் கடன். கொடுத்தவருக்கு அவன் கடனாளி இல்லை என்றோம். அப்படியானால் அவன் முற்றிலும் விடுபட்டவனா? சென்னைக்கோ துபாய்க்கோ போய், ஊர்ப்பக்கமே திரும்பாமல், தான் வந்த தெருவின் பெயரைச் சொல்லவும் கூசுகிறவனை நாம் காண்கிறோம். அவனைத் திட்டுவது எளிது. ஆனால் மேடையில் அவன் தந்தையின் கூலித் தொழிலை ஒலிபெருக்கியில் வாசித்தவர்கள் நாம்தான் என்பதை மறந்துவிட்டு அவனைத் திட்டக்கூடாது. அந்த மேடையிலிருந்துதான் அவன் ஓடிக்கொண்டிருக்கிறான். அவனை ஊருக்குத் திரும்பிவரக் கட்டாயப்படுத்த முடியாது. பத்திரம் எழுதி வாங்கிப் படிக்க வைப்பது அடிமை ஓலைக்கு அண்மையில் நிற்கும் காரியம். அவனுக்குப் பின்னால் வாசற்படியில் நின்றுகொண்டிருக்கும் அடுத்த பையனிடம் அவனுக்கு ஏதோ ஓர் உறவு இருப்பதை மட்டும் நாம் மறுக்கவில்லை. அவன் சம்பாத்தியம் நிஸாபைத் தொடும் ஆண்டில், அவன் செல்வத்திலும் வறியவனின் உரிமை நுழைந்துவிடுகிறது. அப்போது, பழைய பெரியவரின் வாசலைத் தாண்டி, தன் பழைய தெருவுக்கே அவன் கடன் செலுத்தவேண்டியவனாகிறான்.

சித்தீக் ஸராயில் ஒரு நூற்றாண்டாகத் தங்கிப் போனவர்களில் பெரும்பாலோருக்கு அதைக் கட்டியவர் முகம் தெரியாது. அவர்களுக்கு அது தெரியவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. காலையில் எழுந்து, முகம் கழுவி, ஆஸ்பத்திரிக்கோ நீதிமன்றத்திற்கோ தத்தம் வேலையாகப் போனார்கள்.

நெமிலி வட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பின் முடிவுகள் வழக்கம்போல மே மாதத்தில் வரும். கல்லூரிச் சேர்க்கைக்கும் ஒப்பந்தக்காரனின் அழைப்புக்கும் நடுவே சில வாரங்களே இடைவெளி. அந்த வாரங்களுக்குள், விழாத் தேதிக்குக் காத்திராமல், ஜமாஅத்தின் பொறுப்பாளர் ஒருவர் இரவுத் தொழுகைக்குப் பின் அந்த வீட்டுக் கதவைத் தட்டி, கட்டணத்தோடு பேருந்துச் செலவையும் இரண்டு மாத அரிசிக்கான பணத்தையும் தாயின் கையில் கொடுத்துவிட்டு, கையெழுத்துக்கூட வாங்காமல் திரும்ப முடியுமா என்று நாம் கேட்கிறோம்.